மடக்குக்கத்தி: அசல் வடிவங்களும் நகல்களும்

அலகும் பிடியும் ஒரே ஆணியில் சேரும் கருவி மடக்குக்கத்தி. விரித்தால் கத்தி, மடித்தால் சட்டைப்பையில் அடங்கும் சிறு கட்டை. இருபது வருடம் உழைக்கும் கத்தியையும் இரண்டு மாதத்தில் லொடலொடத்துப் போகும் கத்தியையும் பிரிப்பவை இரண்டு: ஆணியைச் சுற்றியுள்ள அரை அங்குல இடத்தில் நடந்திருக்கும் வேலை, அலகுக்குக் கொடுத்திருக்கும் தோய்ச்சல். வெளிவடிவத்தைப் படம் பார்த்தே நகலெடுத்துவிடலாம். மூட்டையும் தோய்ச்சலையும் அப்படி எடுக்க முடியாது. அதனால் இந்த அத்தியாயத்தின் சோதனைகள் எல்லாம் அந்த இரண்டு இடங்களையே சுற்றி வருகின்றன.

கொங்கு நாட்டில் இந்தக் கத்திக்கு வேலை நிறைய. பொள்ளாச்சித் தோப்புகளில் சொட்டுநீர்க் குழாயை நறுக்கவும் உரமூட்டையின் தையலைப் பிரிக்கவும் அது வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அட்டைப்பெட்டியைத் திறக்கவும், நாற்றுப்பண்ணைகளில் ஒட்டுக்கட்டவும், வாழையிலை அறுக்கவும், பழம் நறுக்கவும் அதுவே உதவுகிறது. கோவை டவுன்ஹால் பக்கத்துக் கடைகளிலும் வாரச்சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் ஒரே தோற்றமுள்ள கத்தி சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, சில ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான்.

நகல் வேறு, போலி வேறு

புகழ்பெற்ற ஒரு வடிவத்தைப் பின்பற்றித் தன் சொந்தப் பெயரில் செய்து விற்பது நகல். அதில் தவறு இல்லை. நல்ல நகல்கள் பல உண்டு. அசலின் பெயரையும் முத்திரையையும் திருடிப் பொறித்து விற்பது போலி. போலியில் பெயரே பொய் என்பதால், எஃகைப் பற்றி அதில் எழுதியிருப்பதையும் நம்ப முடியாது. நகலை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, மூட்டு எப்படி இருக்கிறது என்பது. போலி என்று தெரிந்தால் கேள்விக்கே இடமில்லை, கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

அடிக்கடி நகலெடுக்கப்படும் வடிவங்கள்

விக்டோரினாக்ஸ். சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் 1884-இல் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். இன்று உலகமே அறிந்த பல கருவிக் கத்தியின் மூலவடிவம் 1897 ஜூன் 12 அன்று பதிவானது. 1909-இல் காலமான அவருடைய தாயின் பெயர் விக்டோரியா. அந்தப் பெயரோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல் 1921-இல் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. இதில் பூட்டு இல்லாத மாதிரிகளே பெரும்பாலும் புழங்குகின்றன. பிடியின் முதுகிலுள்ள வில் அலகை அழுத்திப் பிடிக்கும். பலமாக அமுக்கினால் அலகு மடங்கிவிடும். சாவிக்கொத்தில் மாட்டும் 58 மி.மீ. கத்தியும் 91 மி.மீ. கத்தியும்தான் அதிகம் நகலெடுக்கப்படுபவை.

அசலின் அடையாளம் அடுக்குகளில் தெரியும். கருவிகளை மடித்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தகடுகளுக்கும் வில்லுக்கும் இடையே வெளிச்சம் கசியாது. மலிவான நகலில் கோடுகோடாக வெளிச்சம் தெரியும். அசலில் ஒவ்வொரு கருவியும் திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று ஒரே மாதிரி ஒலி தரும். நகலில் ஒன்று இறுகியிருக்கும், மற்றொன்று தொங்கும். பெரிய அலகின் அடியில் நிறுவனத்தின் பெயர் கூர்மையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து மங்கியோ, மை அச்சாகவோ இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்த விவசாயிகளின் கத்தி. மரப்பிடி, ஒரே அலகு, ஒரு ஆணி, இவ்வளவுதான். 1955-இல் மூட்டின் மேல் சுழலும் உலோக வளையம் சேர்ந்தது. விரித்தபின் வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த வளையம், கத்தி மடிந்திருக்கும்போதும் பூட்டும். எண் 2 முதல் 12 வரை அளவுகள் உண்டு. சிறிய அளவுகளில் வளையம் கிடையாது. எண் 6-இலிருந்துதான் வரும். அதிகம் விற்கும் எண் 8-இன் அலகு 8.5 செ.மீ. நீளம். கிரீடத்துக்குக் கீழே ஆசி கூறும் கை, இதுதான் அலகில் இருக்கும் முத்திரை. தோட்ட வேலைக்கு ஒரே ஒரு கத்தி வாங்குவதானால் இந்த வடிவமே முதல் தேர்வு. எளிமையானது, இலேசானது, அலகு மெல்லியதாக இருப்பதால் பழத்திலும் இலையிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். நகல்களில் கெடுவது வளையம்தான். தகடு மெல்லியதாக இருந்தால் வளையம் விரிந்துகொடுத்து, பூட்டியதாக நினைத்திருக்கும்போதே அலகு சாயும்.

லாகியோல். தெற்கு பிரான்சிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர் இது. அங்கு 19-ஆம் நூற்றாண்டில் உருவான வடிவம் மெல்லிய இடையுடன் வளைந்தது. வில்லின் மேல் ஒரு தேனீ இருக்கும். கிராமத்தின் பெயர் நீண்ட காலம் யாருக்கும் தனியுரிமை தராததால், சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த கத்திகள்கூட அதே பெயரில் வந்தன. ஆகவே 'லாகியோல்' என்ற சொல் மட்டும் அலகில் இருப்பது எதற்கும் சாட்சியல்ல. செய்த பட்டறையின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல வேலையில் தேனீயும் வில்லும் ஒரே இரும்பில் அடித்து உருவாக்கியவை. மலிவு வேலையில் தேனீயைத் தனியே செய்து பற்றவைத்திருப்பார்கள்; இணைந்த கோடு தெரியும். இந்தக் கத்தியைச் 'சட்'டென்று மூடக்கூடாது. அலகின் வாய் வில்லில் மோதி மழுங்கும்.

பக் 110. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த கனத்த கத்தி. மரப்பிடியின் இரு முனைகளிலும் பித்தளை, முதுகின் பின்பக்கம் அமுக்கினால் விடுபடும் பூட்டு. இந்த முதுகுப்பூட்டு அமைப்பைப் பின்பற்றிய கத்திகள் எண்ணிலடங்கா. இந்தியக் கடைகளில் 'வேட்டைக் கத்தி' என்று பித்தளை மின்னக் கிடப்பவை பெரும்பாலும் இந்த வகை நகல்கள்தான். அசல் ஏறக்குறைய 200 கிராம் எடை. வேட்டிமடிப்பிலோ சட்டைப்பையிலோ வைக்க உகந்ததல்ல. இடுப்பு உறையில் வைத்துக்கொள்ளலாம்.

ஹிகோனோகாமி. ஜப்பானின் மிகி நகரத்துக் கத்தி. மடித்த தகடே பிடி. பூட்டும் இல்லை, வில்லும் இல்லை. அலகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருப்பதுதான் பூட்டு. பென்சில் சீவ, காகிதம் வெட்ட அருமையானது. கனத்த வேலைக்கு எடுத்தால் விரலுக்கு ஆபத்து.

இணையத்தில் 'டாக்டிகல்' என்ற பெயரோடு கருப்புப் பூச்சில் வருபவற்றில் பெரும்பாலானவை உள்தகட்டுப் பூட்டு வகை. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியை முட்டுக்கொடுக்கும். அமைப்பில் குறையில்லை. ஆனால் முட்டுக்கொடுக்கும் அந்த முகம் மில்லிமீட்டரில் ஒரு பங்கு பிசகினாலும் பூட்டு நழுவும். கோவை லேத் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நம் நாட்டின் புகழ்பெற்ற மடக்குக்கத்தி உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் கத்தி. இந்திப் படங்கள் அதை நாடெங்கும் அறியச் செய்தன. அந்நகரில் 2023-இல் ஏறக்குறைய 20 அடி நீளக் கத்திச்சிலை ஒன்றே நிறுவப்பட்டது. கைவினையாக அது மதிக்கத்தக்கது. ஆனால் நீண்ட, குத்துவதற்கான அலகு தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பயன்படாது. வைத்திருப்பவரை போலீஸ் விசாரணையிலும் மாட்டிவிடும். அன்றாட வேலைக்கு அதையும், அதன் சாயலில் 'பட்டன் கத்தி' என்று விற்பவற்றையும் விட்டுவிட வேண்டும்.

வாங்கும் முன் சோதனை

கடையில் கத்தியை வாங்கிப் பார்க்கும்போது கீழ்க்கண்ட வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது. முதல் இரண்டு படிகளிலேயே பாதிக் கத்திகள் கழிந்துவிடும். விரல்கள் எப்போதும் அலகு மடங்கும் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும்.

1. மடித்த நிலையில் பார்த்தல். அலகு இரு தகடுகளுக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா? முனை பிடிக்கு வெளியே துருத்தினால் அந்தக் கத்தி பையைக் கிழிக்கும், கையையும் கிழிக்கும்.

2. மெதுவாக விரித்தல். நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து விரிக்கும்போது எதிர்ப்பு சீராக இருக்க வேண்டும். கரகரவென்றால் உள்ளே பிசிறோ மணலோ இருக்கிறது. பிசிறு என்றால் வேலை சரியில்லை.

3. ஆட்டம் பார்த்தல். விரித்த கத்தியின் பிடியை ஒரு கையில் பிடித்து, மறுகையின் இரு விரல்களால் அலகின் தட்டைப் பக்கங்களைப் பற்றி இடமும் வலமும் அசைக்க வேண்டும். பிறகு மேலும் கீழும். பக்கவாட்டில் மயிரிழை அசைவு வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மேல்கீழ் அசைவு வரவே கூடாது.

4. பூட்டுச் சோதனை. பூட்டு உள்ள கத்தியை மட்டும் இப்படிச் சோதிக்க வேண்டும். அலகின் முதுகை மேசையின் ஓரத்தில் வைத்துச் சீராக, மெதுவாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். பிடியின் தட்டைப் பக்கங்களை மட்டும் பற்றிக்கொள்வது பாதுகாப்பானது; விரல்களையோ உள்ளங்கையையோ அலகு மடங்கும் பள்ளத்தின் மேல் வைக்கக்கூடாது. பூட்டு நழுவினால் அந்தக் கத்தியை அதோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

5. ஆணியைப் பார்த்தல். ஆணியின் தலை இருபுறமும் தட்டையாக, பிடியோடு சமமாக இருக்க வேண்டும். ஒருபுறம் குழிந்தோ மறுபுறம் பிதுங்கியோ இருந்தால் அது சரியாக அடிக்கப்படவில்லை.

6. வாயைப் பார்த்தல். அலகை மூக்குக்கு நேராகப் பிடித்து நுனி வரை ஒரு கண்ணால் பார்த்தால் வாய் நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். வெளிச்சத்தில் வாய் நெடுக வெள்ளைக்கோடு மின்னினால் அது கூரில்லாத இடம்.

பொதுவான தவறு: பூட்டைச் சோதிக்க அலகின் முதுகை மேசையில் ஓங்கி அடிப்பது. இப்படி அடிப்பதில் நல்ல பூட்டும் கெடும். நழுவினால் விரல் போகும்.

எஃகு என்ன சொல்கிறது

பாத்திரக்கடையில் எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். காந்தம் ஒட்டினால் தரம் குறைவு என்பார்கள். கத்தியில் இது நேர்மாறு. கடினப்படுத்தக்கூடிய எஃகு, துருப்பிடிக்காத வகையாக இருந்தாலும், காந்தத்தில் ஒட்டும். காந்தம் ஒட்டாத அலகு என்றால் டம்ளர் செய்யும் தகட்டில் வெட்டியெடுத்தது என்றே கொள்ளலாம். அதற்கு ஒருநாளும் கூர் நிற்காது. சாவிக்கொத்தில் ஒரு சிறு காந்தம் வைத்திருந்தால் கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் எழுதியிருப்பதும் 'சர்ஜிகல் ஸ்டீல்' என்று எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: எந்த எஃகு என்பது அதில் தெரியாது. வெறும் '440' என்ற எண்ணும் அப்படியே. 440 ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. மூன்றின் கடினமும் வெவ்வேறு. நல்ல செய்நேர்த்தியுள்ளவர்கள் எழுத்தையும் சேர்த்துப் பொறிப்பார்கள். நீரலைபோல் கோடுகள் உள்ள 'டமாஸ்கஸ்' அலகு மலிவாகக் கிடைத்தால், அது பெரும்பாலும் மேற்பரப்பில் அமிலத்தாலோ லேசராலோ வரைந்த கோலம். மெல்லிய உப்புத்தாளால் ஒரு மூலையில் நாலு தேய்ப்பு தேய்த்தால் லேசர் கோலம் அழிந்துவிடும். உண்மையான அடுக்கெஃகில் கோடு மங்கினாலும் அலகின் முதுகிலும் அடுக்குகள் தொடர்ந்து தெரியும்.

எஃகின் பெயரைவிடத் தோய்ச்சல் முக்கியம். இரும்பைச் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தும் அந்தக் கலை கொங்கு மண்ணுக்குப் புதியதல்ல. நொய்யலின் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய இரும்பு உருக்கும் வேலையின் தடயங்களும் மூசையில் எஃகு செய்ததற்கான தடயங்களும் கிடைத்திருக்கின்றன. நல்ல எஃகுகூடத் தோய்ச்சல் தப்பினால் தகரம்தான். சுமாரான எஃகும் சரியான தோய்ச்சலில் உழைக்கும்.

வாங்கிய பிறகு வீட்டில் ஒரு அரச்சோதனை செய்யலாம். மெல்லிய பல்லுள்ள அரத்தை அலகின் அடிப்பகுதியில், பிடியை ஒட்டிய மறைவான இடத்தில், ஒரே ஒரு முறை இலேசாக இழுக்க வேண்டும். வழுக்கிச் சென்றால் தோய்ச்சல் இருக்கிறது. வெண்ணெயில்போல் கடித்துத் தூள் உதிர்ந்தால் இல்லை. வாயில் இதைச் செய்யக்கூடாது.

முதல் நாள் வேலை

புதுக்கத்தியின் மூட்டுக்குள் தொழிற்சாலைத் தூளும் பழைய கிரீஸும் இருக்கும்.

1. கத்தியை விரித்து, வெந்நீரில் சோப்புக் கலந்து, பழைய பல்துலக்கியால் மூட்டையும் பிடியின் உட்பள்ளத்தையும் தேய்க்க வேண்டும். மரப்பிடி உள்ள கத்தியைத் தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

2. உடனே துடைத்து, விரித்த நிலையில் நிழலில் ஒரு மணி நேரம் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும்.

3. மூட்டில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, இருபது முறை மெதுவாகத் திறந்து மூடி, வழிந்ததைத் துடைக்க வேண்டும். திருப்பூர்ப் பக்கம் இந்த எண்ணெய் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

4. அலகில், உணவுக்குப் பயன்படுத்துவதானால், தேங்காய் எண்ணெயை விரலால் மெல்லியதாகத் தடவலாம்.

குறிப்பு: மூட்டில் தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஊட்டியிலும் வால்பாறையிலும் மார்கழியில் கத்தி திறக்காது. சமவெளியிலும் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துவைக்கும்.

தீட்டுதல்

கடையிலிருந்து வரும் கூர் சில வாரங்களுக்குத்தான். பிறகு கத்தியின் தரம் தீட்டுபவரின் கையில். கருவிக்கடைகளில் கிடைக்கும், ஒருபுறம் கரடும் மறுபுறம் மென்மையுமான கார்போரண்டம் கல் போதுமானது.

மிதிவண்டியில் சாணைச்சக்கரம் கொண்டுவருபவரிடமோ லேத் பட்டறையின் கிரைண்டரிலோ மடக்குக்கத்தியைக் கொடுப்பது பெரிய இழப்பு. மெல்லிய அலகு நொடியில் சூடேறும். வாய் நீலநிறமானால் அந்த இடத்தின் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள்; நீலம் பாய்ந்த எஃகு முழுவதையும் தேய்த்து அகற்றினாலொழிய அங்கே கூர் நிற்காது. அரிவாளுக்குச் சக்கரம் சரி. இதற்குக் கல்தான்.

1. கல்லை ஈரத்துணியின் மேல் வைத்தால் நகராது. கல்லின் மேல் தண்ணீரோ இலேசான எண்ணெயோ விட வேண்டும். ஒருமுறை எண்ணெய் விட்ட கல்லுக்கு எப்போதும் எண்ணெய்தான்.

2. பூட்டு இருந்தால் பூட்ட வேண்டும். பூட்டில்லாத கத்தியானால் ஒரு சிறு மரத்துண்டை அலகுக்கும் பிடிக்கும் இடையே செருகிக்கொண்டால் தீட்டும்போது மடங்காது.

3. சாய்மானம். இரண்டு செ.மீ. அகலமுள்ள அலகுக்கு, முதுகைக் கல்லிலிருந்து ஐந்து முதல் ஆறு மி.மீ. உயர்த்திப் பிடிக்க வேண்டும். பென்சில் தடிமனைவிடச் சற்றுக் குறைவு. ஒரு பென்சிலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டால் கை விரைவில் பழகிவிடும். சாய்மானம் ஒவ்வொரு இழுப்பிலும் மாறிக்கொண்டே இருப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. சாய்மானம் சற்றுத் தப்பினாலும் பரவாயில்லை. மாறாமல் இருந்தால் போதும்.

4. கரடுமுரடான பக்கத்தில், வாய் முன்னே போகும்படி, கல்லிலிருந்து மெல்லிய தோலைச் சீவுவதுபோல் தள்ள வேண்டும். ஒரு பக்கத்தையே தொடர்ந்து செய்தால் மறுபக்கத்தில் பிசிறு எழும். விரலை வாயின் குறுக்கே, முதுகிலிருந்து வெளிநோக்கித் தடவினால் அது தட்டுப்படும். வாயின் நெடுக்கே ஒருபோதும் தடவக்கூடாது. அடி முதல் நுனி வரை பிசிறு எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது.

5. மறுபக்கமும் அதேபோல்.

6. மென்மையான பக்கத்தில் இருபுறமும் மாற்றி மாற்றிப் பத்துப் பத்து இழுப்பு, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே.

7. பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், பஃபிங் வேலைக்கு விற்கும் பச்சை மெழுகுக்கட்டியைத் தேய்த்து, அலகை முதுகுப்பக்கமாக இழுக்க வேண்டும். இங்கே வாய் பின்னே வர வேண்டும். முன்னே தள்ளினால் தோல் அறுபடும். செய்தித்தாளின் ஓரத்தை மேலிருந்து இழுக்கும்போது கிழிக்காமல் வெட்டினால் வேலை முடிந்தது.

ஒட்டுக்கத்தி ஒன்று மட்டும் இந்த முறைக்கு விலக்கு. மா, சப்போட்டா, கொய்யா ஒட்டுக்கட்டுபவர்களின் மடக்குக்கத்தியில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. அதனால்தான் வெட்டுமுகம் பலகைபோல் சமமாக வந்து இரு தண்டுகளும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. இருபக்கமும் தீட்டினால் வெட்டு குழிந்து, ஒட்டுப் பிடிக்காமல் காய்ந்துபோகும். சரிவுள்ள பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுவதும் படியவைத்து ஓரிரு முறை இழுத்துப் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். மரத்துக்கு மரம் போகும்போது அலகை ஸ்பிரிட்டால் துடைத்தால் நோய் பரவாது. துடைத்தபின் ஈரம் காயாமல் மடிக்கக்கூடாது.

கறை, துரு, இறுக்கம், தளர்ச்சி

துருப்பிடிக்கும் வகை எஃகில் எலுமிச்சை, மாங்காய், வெங்காயம் பட்டால் சாம்பல் நீலக் கறை படியும். அது தீங்கல்ல, துருவிலிருந்து ஓரளவு காக்கும் போர்வை. செந்நிறத் தூள் வந்தால் அதுதான் துரு. எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் அன்றே எடுத்துவிட வேண்டும். பலாப்பாலுக்கும் வாழைக்கறைக்கும் சோப்பு பயன்படாது. தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். நெருக்கமான வில் உள்ள கத்தியைப் பஞ்சு பறக்கும் இடத்தில் பையில் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை உட்பள்ளத்தைப் பல்குச்சியால் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே சேரும் பஞ்சு எண்ணெயை உறிஞ்சி, ஈரத்தையும் பிடித்துவைத்து, மூட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

மரப்பிடிக் கத்தி மழைக்காலத்தில் ஊதி இறுகும். தென்மேற்குப் பருவத்தில் வால்பாறையிலும் ஆனைமலை அடிவாரத்திலும் ஒப்பினெல் வகைக் கத்தி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் சந்திப்பார்கள். நகத்தால் இழுத்து உடைத்துக்கொள்ள வேண்டாம். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் கீழ்நோக்கித் தட்டினால் அலகு சிறிது வெளியே எழும். பிறகு விரலால் பற்றி விரிக்கலாம். சவோய் நாட்டு விவசாயிகளின் வழக்கம் இது. வெயில் வந்தபின் நன்றாகக் காயவைத்து, மூட்டுப்பகுதி மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயோ உருக்கிய தேன்மெழுகோ ஊட்டினால் அடுத்த மழையில் இறுக்கம் குறையும். இறுகுகிறதே என்று மரத்தை உள்ளே சீவிவிட்டால், கோடையில் அலகு தொளதொளத்துப் போகும்.

தளர்ந்த மூட்டு திருகாணி வகையானால் எளிது. பொருத்தமான திருப்புளியால் கால் சுற்று இறுக்கி, திறந்து பார்த்து, மறுபடி கால் சுற்று. அடித்த ஆணியானால்:

1. ஒரு மெல்லிய தாளை மடித்து அலகுக்கும் உள்தகட்டுக்கும் இடையே செருக வேண்டும். இறுக்கம் மிதமிஞ்சாமல் அது தடுக்கும்.

2. ஆணியின் ஒரு தலையைக் கனத்த இரும்பின் மேல் வைக்க வேண்டும்.

3. உருண்டைத் தலைச் சுத்தியலால் மறுதலையின் ஓரத்தைச் சுற்றி மிக இலேசாகத் தட்ட வேண்டும், மூன்று தட்டுக்கு ஒருமுறை அலகை அசைத்துப் பார்த்தபடி.

4. தாளை உருவி, எண்ணெய் விட வேண்டும்.

கொம்பு, எலும்பு, பிளாஸ்டிக் பிடிகளில் இதைச் செய்தால் பிடி விரிசல் விடும். அப்படிப்பட்டதை நகை வேலையோ நுண்ணிய பட்டறை வேலையோ தெரிந்த ஆசாரியிடம் கொடுப்பதே சரி.

சட்டமும் பயணமும்

ஆயுதச் சட்டம் 1959-இன் கீழுள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் வேலைக்கென்று செய்தவை இதில் சேராது. ராம்பூர் கத்தி நீங்கலாக, இந்த அத்தியாயத்திலுள்ள கத்திகள் எல்லாம் அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனாலும் அளவு சிறியது என்பது எங்கும் கொண்டுபோகலாம் என்ற அனுமதி ஆகாது. நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், பொதுக்கூட்டம், கோயில் திருவிழாக் கூட்டம் போன்ற இடங்களுக்குப் போகும்போது கத்தியை வீட்டில் வைத்துவிட வேண்டும். தோட்டத்துக்குப் போகிறவர் அதை உறையிலோ கருவிப்பெட்டியிலோ வைத்திருந்தால், எதற்கு என்ற கேள்விக்குப் பதில் தானே தெரியும்.

கோவை பீளமேடு விமான நிலையத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் போகாது. சாவிக்கொத்தின் 58 மி.மீ. கத்தியும் சோதனையில் பறிபோகும். பயணத்துக்கு முந்தைய இரவே சாவிக்கொத்திலிருந்து கழற்றி, கெட்டித்துணியில் சுற்றி, சரக்கில் போகும் பெட்டியில் வைக்க வேண்டும்.

கையைக் காக்கும் வழக்கங்கள்

வெட்டும் திசை உடம்புக்கு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். பூட்டில்லாத கத்தியால் குத்தவோ துளைக்கவோ கூடாது. முனை தடைபட்டால் அலகு விரல்களின் மேலேயே மடங்கும். மடக்குக்கத்தியை நெம்புகோலாகவோ திருப்புளியாகவோ பயன்படுத்தினால் முதலில் போவது மூட்டு. இளநீர் சீவ இது உதவாது. அதற்கு அரிவாள் இருக்கிறது. பிறர் கையில் கொடுக்கும்போது மடித்துக் கொடுக்க வேண்டும். கீழே விழும் கத்தியைப் பிடிக்கக்கூடாது. காலை நகர்த்திக்கொண்டு விழவிட வேண்டும். சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதானால் வளையப்பூட்டு உள்ள வகையில், வளையத்தைத் திருப்பாமல் வெட்டத் தொடங்கக்கூடாது என்பதை முதல் பாடமாக வைக்கலாம்.

பூட்டு ஒருமுறை நழுவிய கத்தி, ஆணி வளைந்த கத்தி, அலகின் அடியில் கீறல் விழுந்த கத்தி ஆகிய மூன்றும் இனி வேலைக்கு ஆகாதவை. பழுதுபார்த்து மறுபடி பையில் வைத்துக்கொள்ளக்கூடாது. பழைய இரும்புக்கடைக்குக் கொடுக்கும் முன் வாயைக் கரட்டுக் கல்லில் தேய்த்து மழுக்கி, மடித்து, கம்பியால் இறுகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். குப்பைப் பையில் வெறுமனே போட்டால் தூய்மைப் பணியாளரின் கை அறுபடும்.